பதினேழு நாள் புதன்கிழமை

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஜீவானந்தத்தின் வீட்டில் மட்டும் பதினேழு நாளாகப் புதன்கிழமை, பன்னிரண்டாம் தேதி. ஊரில் நாட்கள் ஒழுங்காகத்தான் போயின. அவர் வீட்டுப் படியேறினால் அதே பேப்பர், டிவியில் அதே சமையல் குறிப்பு. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஸ்ரீதேவிக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். அந்த வெள்ளி வரவே காணோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாலும், வயிற்றைச் சோதித்துவிட்டு, பிள்ளைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். வயிறு கனத்து அவள் சுவரைப் பிடித்து நடந்தாள்.

கோளாறு அவர் கைக்கடிகாரத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தவர் வாட்ச் ரிப்பேர் தனசேகர். அந்தப் பன்னிரண்டாம் தேதி, கடிகாரத்துக்குள் இருந்த பழைய மெஷின் தேய்ந்து, புது பேட்டரிக்கும் ஓடாமல் நின்றபோது, துணியில் இழை எண்ணும் கண்ணாடியை வைத்து ஜீவானந்தமே அதன் நம்பரைப் படித்திருந்தார். நாற்பத்திரண்டில் முடிந்தது. சேலத்தில் அதைக் கேட்காமல் நாற்பத்தைந்தில் முடிவதை வாங்கி வந்து தானே மாட்டினார். நூலில் நம்பர் ஏற ஏற நயம் சரக்கு அல்லவா, மெஷினும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார் மனுசன். அளவு பொருந்தியது, முள்ளும் ஓடியது. ஆனால் புது மெஷினுக்குத் தேதி ஆறு மணிப் பக்கம். டயலில் தேதி தெரியும் ஜன்னலோ மூன்று மணிப் பக்கம். ஜன்னலில் வெறும் வெள்ளை. தேதி தெரியாத வீட்டுக்குள் நாள் எப்படி வரும்?

தனசேகர் வீட்டுக்கே வந்து சரியான நம்பர் மெஷினைப் பொருத்தி, கடிகாரத்தின் பக்கவாட்டுச் சாவியை இழுத்துத் திருப்பினார். ஜன்னலில் பதிமூன்று வந்தது. வாசலில் ஒரு பகல் விறுவிறுவென்று கடந்தது. ஸ்ரீதேவி வலியில் கத்தினாள். எதிர்வீட்டு நர்சம்மா உள்ளே ஓடினார். பதினான்கு வந்தது. குழந்தை அழுதது.

"இன்னும் பதினஞ்சு திருப்போணுமுங்க. ஊருல இன்னிக்கு இருபத்தொன்பது," என்றார் தனசேகர்.

ஜீவானந்தம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க. புள்ள பொறந்த மொத பதினஞ்சு நாள நாங்க பாக்காமயே போயிருமுங்களே. இப்படியே உட்டுருங்க."

விட்டுவிட்டார். இரண்டு வருடமாக அந்த வீடு ஊருக்குப் பதினைந்து நாள் பின்னால்தான் இருக்கிறது. ஊர் வெடித்து ஓய்ந்த பிறகுதான் அங்கே தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறும். கடைசித் தேதியைத் தவறவிட்டவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து விண்ணப்பம் நிரப்புகிறார்கள். பேத்தி அவர்கள் பேனாவைப் பிடுங்குகிறாள்.