தறியில் கட்டிய செல்போன்

என் கையில் கொத்துக்கரண்டி இருக்கும்போது யாரும் என்னிடம் வம்பு வைத்துக்கொள்ள மாட்டார்கள், கலியாணசுந்தரம் மேஸ்திரியைத் தவிர. ஓரிக்கைப் பக்கம் அவர் ஒரு லாட்ஜ் கட்டுகிறார். அறைக்கு ஒரு பாத்ரூம். டைல்ஸ் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"நீ சித்தாளும்மா ஷாரோன். அந்தோணி போடறதுக்கு உன் பேரைச் சொல்லிக்கினு திரியாதே" என்றார்.

அந்தோணி என் வீட்டுக்காரர், கொத்தனார். அவருக்குக் கலவை சுமந்துதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டைல்ஸ் என்று வந்தால் என் கைதான். அது அவருக்குத் தெரியும், ஊருக்குத்தான் தெரியாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை படம் பிடித்து அந்த ஆள் மூக்குக்கு நேரே நீட்டுவது என்று தீர்மானித்தேன்.

அடுத்த வேலை, பிள்ளையார்பாளையத்தில் கமலவேணி அக்கா வீட்டுப் பாத்ரூம். பழைய தரையையும் சுவரையும் உடைத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். கலவை கலந்து கொடுக்க அந்தோணியும் கூட வந்தார். டைம் லாப்ஸ் என்று என் போனிலேயே ஒன்று இருக்கிறது. நாள் முழுக்க நடப்பதைச் சுருக்கி, கடகடவென்று ஓட்டிக் காட்டும். போனைப் பாத்ரூமுக்குள் வைத்தால் பாதிச் சுவர்தான் தெரிந்தது. கதவுக்கு நேர் எதிரே அக்காவின் தறி. அதன் மேல்கட்டையில் வைத்துப் பார்த்தேன். தரை, சுவர், ஆள், எல்லாம் அழகாகத் தெரிந்தது. அக்காவே கயிறு கொண்டுவந்து இறுக்கிக் கட்டினார்.

"இடி விழுந்தாலும் அசையாது, போ" என்றார்.

எடுத்ததைப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. அக்கா விடவில்லை. "தறியில இருக்கற புடவையை நான் பாதியில யாருக்கும் காட்டமாட்டேன், கண்ணு பட்டுடும். நீயும் முடிச்சிட்டே பாரும்மா." நானும் புத்தி கெட்டுப்போய்த் தலையாட்டினேன்.

வேலை முடிந்தது. சுவரில் ஒரு கோடு விலகவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி நேராக ஓட்டைக்குப் போய் இறங்கியது. மேஸ்திரிக்கு போன் போட்டு வரச் சொன்னேன். அவர் வருவதற்குள் படத்தை ஓட்டினேன்.

யேசுவே! படம் குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறுகிறது. அக்கா நெய்யும்போது தறிப் பலகையை இழுத்து அடித்த ஒவ்வொரு அடிக்கும் மேல்கட்டை குலுங்கியிருக்கிறது. உள்ளே ஓர் உருவம் வருகிறது, போகிறது. ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது.

"இன்னாக்கா இது? தறி ஆடும்னு நீ சொல்லவே இல்லியே!"

"தறி ஆடுதா?" அக்கா நிஜமாகவே முழித்தார். சின்ன வயதிலிருந்து அதிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆடுவதே தெரியவில்லை. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மேஸ்திரி வந்தார். தரையைத் தடவினார், ரசமட்டத்தை வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இதுல யாரு இருக்கறதுன்னு ஆண்டவனுக்கே தெரியாது. வேலையைப் பார்த்தா அந்தோணி கைதான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கம் இல்லை, ஆத்திரம். அப்போது அந்தோணி என் கையிலிருந்து போனை வாங்கி, படத்தைத் தள்ளித் தள்ளி ஓரிடத்திலிருந்து ஓடவிட்டார். அக்கா சாப்பிட எழுந்து போயிருந்த நேரம். தறி ஓடவில்லை, படமும் ஆடவில்லை. அந்த இடத்தைச் சற்று முன் நானும் பார்த்திருந்தேன். காட்டினால் நான் ஜெயித்துவிடுவேன்தான். ஆனால் இவர் மானம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"இதைப் பாருங்க மேஸ்திரி."

படத்தில் பளிச்சென்று அந்தோணி. கலவைச் சட்டியைக் கீழே வைக்கிறார். ஆசைப்பட்டு ஒரு டைல்ஸை எடுத்துச் சுவரில் ஒட்டுகிறார். நான் வருகிறேன், பார்க்கிறேன், பிடுங்குகிறேன். சட்டியை அவர் கையில் திணித்து வெளியே கையைக் காட்டுகிறேன். அவர் போகிறார். அதே டைல்ஸை நான் ஒட்டுகிறேன், அடுத்ததை ஒட்டுகிறேன், சுவர் கிடுகிடுவென்று மேலே ஏறுகிறது.

மேஸ்திரி வாயைப் பிளந்தார். "இன்னாப்பா, பொண்டாட்டி உன்னைத் தொரத்தி வுடறா!"

"கோணலா வெச்சேன், தொரத்துனா. எங்க வூட்டு பாத்ரூமு நான் போட்டது. குளிச்சா தண்ணி சமையல்கட்டுக்கு வருது, வேணும்னா வந்து பாருங்க. இந்தக் கோடு எனக்கு வராது மேஸ்திரி, இவளுக்குத்தான் வரும்."

ஒரு கொத்தனார் மேஸ்திரி முன்னால் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மேஸ்திரி தாடையைச் சொறிந்துகொண்டார். "திங்கக்கெழம வந்துடும்மா. கலவைக்கு ஆள் நான் தரவா?"

"வேணாம் மேஸ்திரி" என்றேன். "ஊர்லயே நல்ல ஆளு எங்கிட்ட இருக்காரு."