மேற்கே போகும் வீட்டிலிருந்து ஒரு வாக்கு

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு, வீடு நகர்ந்துவிடாதபடி, கிரெய்கிபர்ன் புறநகரில் நான்கு பேர் அதன் கிழக்குச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரன் யோகேஸ்வரன் குசினி வாசலில், இருபது கிலோ அரிசி மூட்டையை மடியில் வைத்தபடி ஒரு கதிரையில். மனைவி தவநாயகி உடுப்புத் தோய்க்கும் மெஷினின் மேல். அந்த மாதம் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த விமலா அன்ரி, முழங்கால் வருத்தம் என்றபடியால், சோபாவில். யோகேஸ்வரனோடு லொறி ஓட்டும் மகேந்திரராஜா, நூற்றுப் பதின்மூன்று கிலோ, நிலத்தில். அவனுக்கு இரண்டு தடவை கொத்துரொட்டி கொடுக்கப்பட்டது, காரணத்தோடுதான்.

வீடு வாங்கிய நாள் முதல், மூன்று வருடமாக, செவ்வாய்தோறும் மாலையில் அது மேற்கே மூன்றேகால் மீற்றர் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்பட்ட வீடுகள் சற்றே ஒதுங்கி வழிவிட்டன. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் நீண்டுகொடுத்தன. நகரசபையிலிருந்து இருவர் வந்து அளந்து பார்த்துவிட்டு, குப்பை எடுக்கும் நாளை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். இதில் ஒருவருக்கும் கரைச்சல் இருக்கவில்லை. ஆனால் இடைத்தேர்தல் அறிவித்தபோது தொகுதி எல்லை வீட்டு மேற்குச் சுவருக்கு ஒரு மீற்றர் அப்பால் இருந்தது. அதைத் தாண்டினால் அடுத்த தொகுதி, அங்கே தேர்தல் இல்லை.

யோகேஸ்வரனுக்கு நாற்பத்தாறு வயது. ஊரில் அவனுக்கு வாக்குப் போடும் வயது வந்தபோது யுத்தத்தால் வாக்குப்பெட்டி வரவில்லை. படகில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு பதின்மூன்று வருடம் தற்காலிக விசாக்களில் போயிற்று. பிரஜையாகி ஏழு வாரம். அடுத்த தேர்தல் வரும், அதுவரை காத்திருக்கும் பொறுமைதான் அவனிடம் மீதமில்லை. தேர்தல் அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டான். பதில் சொன்ன பெண் ஆச்சரியப்படவில்லை. வாக்காளர் பட்டியல் மூடும் செவ்வாய் எட்டு மணிக்கு வீடு எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுதான் உங்கள் தொகுதி என்றாள்.

ஏழே முக்காலுக்குத் தரை முனகியது.

"மச்சான், அசையாதையடா!" என்றான் யோகேஸ்வரன்.

"நான் எழும்பினா உன்ர வீடு மேற்கால அடிலெய்ட் நகரத்திலதான் போய் நிற்கும். எனக்கு இன்னொரு ரொட்டி சொல்லு."

விமலா அன்ரி மணிக்கூட்டைப் பார்த்து, "எட்டு. இனி எழும்புங்கோ" என்றார். எழுந்தார்கள். வீடு ஒரே இழுவையில் மூன்றேகால் மீற்றர் போய் நின்றது. மேசையிலிருந்த தேநீர் சிந்தவில்லை. யோகேஸ்வரனின் பெயர் பழைய தொகுதியின் பட்டியலிலேயே இருந்தது.

வாக்களிப்பு ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் அவன் லொறியோடு தூரத்து மில்டூராவுக்குப் போகிறவன் என்பதால் தபால் வாக்குக்கு விண்ணப்பித்தான். தாள் வந்தது. ஐந்து பெயர்கள். தனக்குப் பிடித்தவரின் பெட்டியில், ஊர்ச் சுவரொட்டிகளில் சின்னத்துக்கு நேரே பார்த்து வளர்ந்த அதே புள்ளடியை, அந்தப் பெருக்கல் குறியை, பேனாவால் அழுத்திப் போட்டான். போட்டுவிட்டுச் சந்தோஷத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"ஐயோ தம்பி!" என்றார், இந்த நாட்டில் பதினேழு தடவை வாக்குப் போட்ட விமலா அன்ரி. "இஞ்ச எல்லாப் பெட்டிக்கும் நம்பர் போடவேணும். ஆகப் பிடிச்சவருக்கு ஒண்டு, ஆகப் பிடிக்காதவருக்கு அஞ்சு. புள்ளடியை எண்ணமாட்டினம்."

"பிடிக்காத ஆளுக்கும் நம்பரோ?"

"உங்களைப் பிடிக்காத நாளிலயும் நான் உங்களுக்குச் சோறு போடுறன்தானே?" என்றாள் தவநாயகி.

மறுபடியும் போன் எடுத்தான். பழுதான தாளைத் திருப்பி அனுப்பினால் மாற்றுத்தாள் வரும் என்றார்கள். இடையில் ஒரு செவ்வாய் வந்து போனது. வீடு இன்னும் மூன்றேகால் மீற்றர் தள்ளிப் போனது. மாற்றுத்தாள் பழைய இடத்துக்குப் போய்விடுமே என்று அன்றிரவு யோகேஸ்வரன் சாப்பிடவில்லை. புதன்கிழமை தபால்காரர் வந்து, வெறும் புல்லில் கொஞ்சநேரம் நின்று, இழுபட்ட தடத்தைப் பார்த்து மேற்கே நடந்து, புது இடத்தில் மணியை அடித்து மாற்றுத்தாளைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, குளித்து, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான். ஒன்று உடனே விழுந்தது. இரண்டும் மூன்றும் யோசித்து விழுந்தன. நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் தேநீர் ஆறிப்போயிற்று. தவநாயகி ஒன்று முதல் ஐந்து வரை விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தாள், யாருக்கு எது என்று பார்க்காமல். அவன் தாளை மடித்து உறையில் வைத்து, கையெழுத்திட்டு, நாவால் ஈரப்படுத்தி ஒட்டி, மேலே ஒரு நிமிடம் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். பிறகு தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போட்டான். ஆறு மணி வாகனம் வரும்வரை பக்கத்திலேயே நின்றான். சாரதி பெட்டியைத் திறந்து, கடிதங்களைப் பையில் கொட்டி, கதவைச் சாத்திக்கொண்டு நகரத்தை நோக்கிப் போனான்.