ஏமான் மீன்

சனிக்கிழமை வகுப்பு முடிந்தால் பள்ளிக்கூட வாத்தியார் சுந்தரதாஸ், தங்கை ரத்னபாயை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாறசாலையிலிருந்து பொழியூருக்குக் கிளம்பிவிடுவான். மீன் விற்பதற்கல்ல, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் தூண்டில் போட்டு நிற்பதில் இருவருக்கும் ஒரு சுகம். கடல்தொழில் செய்யும் ஜோக்கிமுக்கு அது தீராத வேடிக்கை. "எறாலை வெலைக்கு வாங்கிக் கடலுக்குத் தீனி போடுத சார் நீங்க ஒருத்தராக்கும்" என்பான்.

பாரை மீன் நன்றாகக் கடிக்கும் கரை அது. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. அன்று கிடைப்பதில் பெரிய மீனைச் செவுளில் தென்னை ஈர்க்குக் கோத்துத் தனியாகத் தொங்கவிட வேண்டும். ஏமான், அதாவது எஜமான், என்று எல்லோரும் பயந்து கூப்பிடும் போலீஸ்காரர் சாயங்காலம் வந்து எடுத்துப்போவார். சாளை, நெய்மீன் என்பதுபோல அதற்கும் 'ஏமான் மீன்' என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் விழுந்தபிறகு அதை லஞ்சம் என்று யாரும் நினைப்பதில்லை.

சுந்தரதாஸுக்கு இன்னொரு பயமும் இருந்தது. மலையாள அரசின் கீழிருந்த நெய்யாற்றின்கரையைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலத்தில் அவன் கொடி பிடித்ததை அந்தப் போலீஸ்காரர் பார்த்திருந்தார். அவர் வாய் திறந்தால் வாத்தியார் வேலை போகும், லாக்கப்பும் உண்டு.

அன்று பெரிய பாரை ரத்னபாயின் தூண்டிலில் விழுந்தது. கம்பு வளைந்தது, நூல் உள்ளங்கையை அறுத்தது. முழங்கால் தண்ணீரில் நின்று இழுத்துப் போட்டாள். சுந்தரதாஸ் ஈர்க்கோடு வந்தபோது மீனைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

போலீஸ்காரர் வந்து நின்றார். விவரமில்லாத பெண், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சுந்தரதாஸ் மலையாளத்தில் குழைந்தான். மீன் இல்லையென்றால் போகட்டும், கொடி பிடித்தவன் யாரென்று ஸ்டேஷனில் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர்.

ரத்னபாய் அண்ணனைத்தான் பார்த்தாள். "அண்ணே, எல்லை மாறினா நாளைக்குத் தமிழ் பேசுத போலீசு வருவான். அவனுக்கும் நீ இப்பிடித்தான் கோத்து வச்சிட்டு நிப்ப. பின்ன எதுக்கு கொடி பிடிச்ச?"

ஜோக்கிம் வலை பின்னுவதை நிறுத்திவிட்டான். சுந்தரதாஸின் முகம் சிவந்தது. தலை குனிந்து நின்றவன், நிமிர்ந்தபோது மலையாளத்தை விட்டிருந்தான்.

"நான் ஊர்வலத்துக்குப் போனது உண்டு. இனியும் போவேன். ஸ்டேஷனுக்கு நானே வாறேன். மீன் அவளுக்குள்ளதாக்கும்."

அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அடி விழுந்தது, வேலையும் போயிற்று. அடுத்த சனிக்கிழமை ரத்னபாய் தனியாக நடந்தே பொழியூருக்குப் போனாள். கரையில் இருந்த ஒருவர்கூட அன்று மீன் எடுத்து வைக்கவில்லை. ஜோக்கிம் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். வெறுங்கையோடு நின்ற போலீஸ்காரர், அண்ணன் உள்ளே கிடந்தும் புத்தி வரவில்லையா என்று கேட்டார்.

அவள் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"வந்தாச்சு. நாங்க பயந்து குடுத்தோம், அதனாலதான் நீரு கை நீட்டினீரு. கொடி எதுவா இருந்தாலும், குடுக்கத நாங்க நிறுத்தினாத்தான் வாங்குதது நிக்கும். இந்தக் கரையில நிறுத்தியாச்சு."