இரண்டாவது தட்டு

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி வேலியோரம் எலும்பும் தோலுமாகக் கிடந்த நாயை டிலக்சனா வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாளாயிற்று. ஈறுகள் அழுகியிருந்தன. இன்றும் சாப்பிடாவிட்டால் பிழைக்காது என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். குழையக் காய்ச்சிய கஞ்சியை வைத்தாள். நாய் அதைத் தொடாமல், பக்கத்து வெறுந்தரையைப் பார்த்து முனகியது.

"அது ஆருக்கோ பந்தி வைக்கப் பாக்குது. இன்னொரு தட்டும் வையுமன்," என்றான் கணவன் சசி.

"பகிடியை விடுங்கோ," என்றாலும் இன்னொரு தட்டிலும் கஞ்சி ஊற்றி அந்த வெறுந்தரையில் வைத்தாள்.

அந்தத் தட்டில் கஞ்சி தானாகக் குறைந்தது. அதன்பிறகே நாய் குடித்தது, வாந்தி எடுக்கவில்லை.

உப்புத்தண்ணீரில் துணியை நனைத்து அதன் ஈறுகளைத் துடைத்தாள். இரண்டாவது தட்டின் பக்கமிருந்த மற்றக் கையைக் குளிர்ந்த நாக்கொன்று நக்கியது.

டிலக்சனா கையை இழுக்கவில்லை. துணியை மறுபடி நனைத்து அந்தப் பக்கம் நீட்டினாள்.

"நோகாது. வாயைத் திற."

கண்ணுக்குத் தெரியாத பற்கள் மெதுவாக விலகுவதை அவள் விரல்கள் உணர்ந்தன.