பஸ் தங்கும் வாசல்

நல்லம்மா வீட்டு வாசலில் பஸ் நிற்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிந்ததை எரிந்தது என்றுதானே சொல்ல முடியும்.

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். மேல் டிவிசனில் நாங்கள், கீழ் டிவிசனில் நல்லம்மா. பதுளையிலிருந்து மாலையில் வரும் அரசாங்க பஸ் எங்கள் லயத்து வீட்டு வரிசையைத் தாண்டி இறங்கி, ரோடு முடிகிற கீழ் டிவிசனில் இரவு தங்கும். டிரைவரும் கண்டக்டரும் நல்லம்மா வீட்டு முன்னறையில் படுப்பார்கள். சோறு போடுவதும் அவள்தான். காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டு பஸ் எங்கள் பக்கம் ஏறி வரும்போது சீட்டெல்லாம் நிறைந்துவிடும். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரத்தில் நல்லம்மாவின் மகள் தர்ஷிகா பவுடர் பூசிக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். என் மகள் மதுஷா பதுளை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மதுஷாவுக்குப் பதுளையில் ஸாஹிர் முதலாளியின் மருந்துக்கடையில் வேலை. எங்கள் லயத்தில் கொழுந்து பறிக்காமல் சம்பளம் வாங்கும் முதல் பெண் அவள்தான். ஏழரைக்குக் கடையில் இருக்க வேண்டும். அதற்கு இருந்தது அந்த ஒரு பஸ்தான்.

போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பஸ் சேவை முன்னேறியிருக்கிறதா, இல்லையா என்பதுதான் பேச்சு. ஆளுங்கட்சிப் பக்கம் ரமேஸ், எதிர்க்கட்சிப் பக்கம் பொன்னையா. நடுவில் பஸ் டிப்போவிலிருந்து வந்த ஓர் ஐயா பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"முந்தி வாரத்துல ரெண்டு நாளு பஸ் வராது. இப்ப ஒரு நாளாவது வராம இருந்திச்சா, சொல்லுங்க பாப்போம்" என்றார் ரமேஸ்.

"வருதுங்க, இல்லேங்கல. வர்றது அதே ஓட்ட பஸ்ஸுதானே. மழை பேஞ்சா உள்ளுக்குள்ள கொடை பிடிக்கணும். இதுக்குப் பேரு முன்னேற்றமா?" என்றார் பொன்னையா.

இப்படியே ஒரு மணித்தியாலம் இழுபட்டது. கடைசியில் ரமேஸ், சனங்களையே கேட்போம் என்று நல்லம்மாவை எழுப்பினார். அவள் புதுச்சேலையில் வந்திருந்தாள்.

"நல்லா முன்னேறியிருக்குங்க. டிரைவர் தம்பியும் கண்டக்டர் தம்பியும் எங்க வீட்டுப் புள்ளைக மாதிரி" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மதுஷா என் சேலையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்து நின்றேன்.

"அவங்களுக்கு மட்டுந்தாங்க முன்னேறியிருக்கு. அவங்க வீட்டு ஆளுக ஏறி உக்காராம பஸ்ஸு கெளம்பாது. சோத்தப் போட்டு அரசாங்க பஸ்ஸ சொந்த பஸ்ஸா ஆக்கிட்டாங்க."

டிப்போ ஐயா நிமிர்ந்து பார்த்தார். "தினமுமா?"

உண்மையில் ஒரே ஒரு நாள்தான். நல்லம்மாவின் புருஷன் வீரய்யாவுக்கு நெஞ்சுவலி வந்து, அவரைத் தூக்கி ஏற்றும் வரை பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. அது எனக்குத் தெரியும்.

"தெனமுந்தாங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நல்லம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டேன். மதுஷா சாப்பிடவில்லை.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. இனிமேல் பஸ் தோட்டத்தில் தங்காது. மாலையிலேயே பதுளைக்குத் திரும்பிவிடும், காலையில் அங்கிருந்து புறப்பட்டு ஏழு மணிக்கு இங்கே வரும். கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்ட வந்த ரமேஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒங்க கோரிக்கைதான் அக்கா. இனிமே இது யாரு வீட்டுப் பஸ்ஸும் இல்ல. இது முன்னேற்றம் இல்லையா?"

பொன்னையா தன் பங்குக்கு, தான் போராடியதால்தான் இது நடந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இரண்டு பேருக்கும் நான் நல்லவளாகிவிட்டேன்.

ஏழு மணி பஸ் கீழே இறங்கும்போதே ஏறிவிடலாம், சீட்டுக்குக் குறைவில்லை. மதுஷா விரும்பிய இடத்தில் உட்காரலாம். கடைக்குப் போய்ச் சேர எட்டரையாகும். நான்காம் நாள் ஸாஹிர் முதலாளி அவளைக் கூப்பிட்டு, "மகள், ஆஸ்பத்திரிக்குப் போற சனம் ஏழரைக்கே வந்து நிக்கிது. எனக்கு அந்த நேரம் ஆள் வேணும். இன்னும் ஒரு கிழமை, ஏழு நாள் பாப்பம்" என்று சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது மதுஷா அழவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் பொழுதோடு நல்லம்மா எங்கள் லயத்துக்கு ஏறி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று பதில்களை எல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

"லெட்சுமி, ஜீவன் ஆட்டோ எடுத்திருக்கான்" என்றாள். ஜீவன் அவளுடைய மூத்த மகன். "பஸ்ஸு போகாத கீழ்ப் பாதையால தர்ஷிகாவ மெயின் ரோட்டுக்குக் கொண்டு போய் விடுறான். அங்க ஆறே காலுக்கு பதுளை பஸ்ஸு இருக்கு. மதுஷாவையும் அனுப்பு. அஞ்சே முக்காலுக்கு எங்க வீட்டுக்கு வந்தாப் போதும்."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கக்கா" என்றேன்.

"வேலை கெடக்கு" என்று இறங்கிப் போய்விட்டாள்.

மதுஷாவின் வேலை தப்பியது. அதற்கு நான் நல்லம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டாம் வாரமே நான் கட்டிக் கொடுத்த ரொட்டிப் பொட்டலம் பிரிக்காமல் திரும்பி வந்தது.

"நல்லம்மா அத்தை சுடச்சுட குடுத்தாங்கம்மா. அவங்க தேங்காச் சம்பல் அவ்வளவு ருசி."

ஆறிப்போன ரொட்டியை நானே தின்றேன். இன்னும் சில நாள் போனதும், "விடியக் காலையில தனியா எறங்குறது பயமா இருக்கும்மா. மழைநாள்ல மட்டும் அங்கேயே படுத்துக்கிறேன்" என்றாள். சரி என்றேன்.

நேற்று மாலை பஸ் எங்கள் லயத்தடியில் வந்து நின்றது. நான் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். மதுஷா தர்ஷிகாவின் பக்கத்தில் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். இறங்கவில்லை. பஸ் கீழே போய்விட்டது.

இந்த வாரம் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை.