மதிலோரம் நின்ற தண்ணீர்

செம்மண் கரைந்த தண்ணீர் மதிலோரம் நின்றது. மழை விழ விழ அதன் மேல் வட்டங்கள். வட்டத்துக்குள் வட்டங்கள். போக வழியில்லாத தண்ணீர்.

வாசுகி வாசலில் நின்று பார்த்தாள். புது வீடு. புது மதில். மதுரைக்கு வெளியே, வயல்களை மனைகளாக்கிய இடம். அவளும் கணவன் தனசேகரும் குடிவந்து ஒரு கோடைதான் கழிந்திருந்தது.

அந்தக் கோடையில் அவர்களுடைய ஆழ்துளைக் கிணறு வற்றிப்போனது. பக்கத்து ஊர்க் கிணற்றில் குடம் குடமாக எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. அந்த ஊர் ஒச்சம்மாள் தன் வாளியையே கொடுத்தாள்.

இன்று அதே ஒச்சம்மாள் கேட்டுக்கு வெளியே. சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தாள். பின்னால் நாலைந்து பேர், மண்வெட்டி கடப்பாரையோடு.

"தாயி, கம்மாய்க்குப் போற வாய்க்கா ஒங்க மதிலுக்கு அடியிலதான் கெடக்கு. இம்புட்டு மழ பேஞ்சும் கம்மா காஞ்சு கெடக்கு. கம்மா காஞ்சா எங்க கெணறும் போச்சு. கொஞ்சம் தொறந்து விடுங்க."

தனசேகர் குடையை விரித்தான். "எடத்த நாங்க காசு குடுத்து வாங்கியிருக்கோம். வித்தவங்களப் போய்க் கேளுங்க."

விற்றவர் வாய்க்காலைப் பற்றிச் சொல்லவில்லை. உண்மைதான். ஆனால் அஸ்திவாரம் தோண்டியபோது நீரோடிய வண்டல் வந்தது. நத்தை ஓடுகள் வந்தன. வாசுகி பார்த்தாள். தனசேகரும் பார்த்தான். இருவரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஒச்சம்மாள் சண்டை போடவில்லை. கோடையை நினைவூட்டவில்லை. "சரி தாயி" என்றாள். திரும்பினாள்.

அந்த "சரி" சுட்டது. மழையில் நின்றும் சுட்டது.

வாசுகி கேட்டைத் திறந்துகொண்டு ஓடினாள். "அந்தக் கடப்பாரையைக் குடுங்க."

"வாசு! என்ன பண்ற?"

"கோடையெல்லாம் இவங்க தண்ணியத்தாங்க குடிச்சோம்."

முதல் கல் பெயர மறுத்தது. உள்ளங்கை எரிந்தது. பிறகு மற்றவர்கள் கைகளும் சேர்ந்தன. முன்மதில் திறந்தது. பின்மதில் திறந்தது. தண்ணீர் உள்ளே வந்தது, செம்பருத்தியைச் சாய்த்தது, படியை நனைத்தது. புதைந்த பள்ளத்தைத் தானே தேடிப் பிடித்தது. கண்மாய்ப் பக்கம் ஓடியது.

தனசேகர் வெகுநேரம் குடையோடு நின்றான். பிறகு குடையை மடக்கினான். யார் முகத்தையும் பார்க்காமல், உடைந்த கற்களைத் தூக்கி ஓரத்தில் போட்டான்.

ஒச்சம்மாள் கைகூப்பினாள். "நல்லா இருப்ப தாயி."

"ஐயோ, கும்பிடாதீங்கம்மா. கும்பிடாதீங்க."

வாசுகி அந்த ஈரக் கைகளைப் பிடித்து இறக்கினாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குனிந்து அடுத்த கல்லைப் பெயர்க்கத் தொடங்கினாள்.