சீப்புச் சின்னம்

“அப்பா, நீங்க இங்க உக்காந்து திட்டுறது அவங்களுக்குக் கேக்குமா?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அரசாங்கத்தை ஏசிக்கொண்டிருந்த அப்பா சட்டென்று வாயை மூடினார். மறுநாள் பேருந்து ஓட்டப் போகுமுன், வாசலில் வழியும் சாக்கடையைப் பற்றி மனு எழுதிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். மனுக் கொடுத்து அலுத்த பிறகு, ஓய்வு பெற்றதும், தேர்தலில் நின்றார். கட்சி இல்லாதவருக்குக் கிடைத்தது சீப்புச் சின்னம். வழுக்கைத் தலையோடு சீப்புப் படத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் படியேறியவருக்கு, அன்றிலிருந்து பெயரே சீப்பு என்றாகிவிட்டது.

இப்போது அவள் அவருடைய இடது கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் நின்ற தேர்தலின் நாள் அது. காலையில் வாக்குச்சாவடி திறந்ததும் முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அம்மா கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. ஆள்காட்டி விரலில் மை பளபளத்தது. அவள் தேய்த்துப் பார்த்தாள்.

“அது போகாதும்மா. விட்டுடு,” என்றாள் அம்மா. அவர் பிடரியில் மிஞ்சியிருந்த முடியைத் தன் சீப்பால் மெல்ல வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன.

“வண்டி உள்ள வராதாம்,” என்றார் சித்தப்பா. “சாக்கடைப் பள்ளத்துல சக்கரம் இறங்கிடுமாம். முனை வரைக்கும் தூக்கிட்டுத்தான் போகணும்.”

“எவன் வந்தா என்ன, நம்ம தெரு இப்படியேதான் கிடக்கும்,” என்றார் எதிர்வீட்டுத் தையற்காரர்.

“ஓட்டுப் போட்டியா நீ?” என்று கேட்டார் சித்தப்பா.

“போட்டு என்னத்தக் கிழிக்க? நின்ன மனுசனே போயிட்டாரு. தேர்தல நிறுத்த மாட்டாங்களா?”

“கட்சி ஆளு செத்தாத்தான் நிறுத்துவாங்களாம். இவரு தனி ஆளுதானே. பேரும் சின்னமும் மிஷின்ல அப்படியே இருக்கு. அது பாட்டுக்கு நடக்குது.”

தையற்காரர் பெருமூச்சு விட்டார். “போன தடவை, ஒரு சீப்பாவது குடுங்கண்ணே, போடுறேன்னு கேட்டேன். ‘குடுத்தா லஞ்சம்ப்பா. வேணும்னா என் தலையத் தடவிக்கோ’ன்னாரு.”

யாரோ சிரித்துவிட்டு, உடனே இருமி அடக்கிக்கொண்டார்கள்.

“அந்தத் தடவை இந்தச் சாவடியில விழுந்ததே ரெண்டு ஓட்டு,” என்றார் சித்தப்பா. “வீட்டுல இருக்கறதே மூணு பேரு!”

“அதான் அவரே சொன்னாரே. கண்ணாடி இல்லாமப் போயி, மாத்தி அழுத்திட்டேன்னு. தனக்கே ஓட்டுப் போடத் தெரியாத ஆளு!”

உள்ளே மகளின் கை நின்றது.

தோற்கப்போகிறவருக்கு எதற்கு என்றுதான் அன்று அவள் வேறு பொத்தானை அழுத்தினாள். முடிவு வந்த மாலையில், மூன்றாவது ஓட்டு எங்கே என்று தெருவே கேட்டது. சிலருடைய பார்வை அவள் பக்கம் திரும்பியது. அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தபடி அந்தக் கண்ணாடிக் கதையைச் சொன்னார். தெரு சிரித்தது. பிறகு உள்ளே வந்து, “சாப்பிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டார். கண்ணாடி இல்லாமல் அவர் வாசற்படிகூடத் தாண்டமாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அடுத்தவர் தவறைத் தன் தலையில் போட்டுக்கொள்பவரை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று அம்மா நம்புகிறவள். அம்மாவும் அதைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வந்து மாலை வைத்தார். “நல்ல மனுசன்,” என்று கைகூப்பினார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டிப் போனார்.

மகள் துணியைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தாள்.

“இதோ வந்துடறேன்மா.”

அம்மா நிமிரவில்லை. மகள் அலமாரியிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.

தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் வரிசையே இல்லை. வெளியூரிலிருந்து வந்த அலுவலர் கொட்டாவியோடு அவள் விரலில் மை வைத்தார். ஈரமாயிருந்த கையைப் பார்த்து, “தொடச்சுக்கிட்டு வரக்கூடாதா?” என்றார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். எல்லாக் கட்சிச் சின்னங்களுக்கும் கீழே, அப்பாவின் பெயர். பக்கத்தில் சீப்பு. அவள் அழுத்தினாள். இயந்திரம் நீளமாக ஒலித்து ஓய்ந்தது.

“முடிஞ்சுதும்மா. போகலாம்.”

அவள் திரும்பி வந்தபோது வாசலில் இன்னும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா முனையைப் பார்த்து வண்டிக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மை காயாத விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துணியைப் பிழிந்து, அவருடைய வலது கையைத் துடைக்கத் தொடங்கினாள்.